கச்சத்தீவும் தீஸ்தாவும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தலில் நம் தலைவர்கள் பேசுவது நமக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைக்கிறோம். எல்லைக்கு அப்பாலும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுகிறார்கள்.

2024 ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மார்ச் 31 அன்று பிரதமர் மோடி கச்சத்தீவைக் கிளப்பினார்: 1974-ல் காங்கிரஸ் அதை இலங்கைக்குக் கொடுத்துவிட்டதாம். திரும்பப் பெறுவதென்றால் போர்தான் தொடுக்கவேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது யார்? இவருடைய அரசின் அட்டர்னி ஜெனரலேதான்! ஐம்பது ஆண்டுக்கு முன்பே தீர்ந்த விஷயம் என்று இலங்கை வெளியுறவு அமைச்சர் அலி சப்ரி பதில் சொன்னார். 39 தொகுதியில் ஒன்றுகூட பா.ஜ.க. அணிக்குக் கிடைக்கவில்லை. தொகுதியும் வரவில்லை, தீவும் வரவில்லை.

யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவலை அவன் வலையைக் கிழிக்கிறது, கடலடியைச் சுரண்டுகிறது. இலங்கை 2017-ல் அம்முறையைத் தடை செய்தது. இந்தியாவைப் பற்றி அவன் கொள்ளும் எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அதை எத்தனை மேடையில் பேசினார்கள்?

நாம் பிழைக்க வந்த இந்த வங்காளத்திலும் இப்படி ஒன்று உண்டு. 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா போனபோது தீஸ்தா நீர் ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. வட வங்க விவசாயிக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று மம்தா மறுத்தார். அந்த மே மாதம்தான் ஆட்சிக்கு வந்தவர். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தம் நின்றுபோயிற்று. வங்கதேச அரசியல் மேடைகளில் அதுவே இந்தியாவுக்கு எதிரான பேச்சாயிற்று.

நம் சங்கத்தில் ராமநாதபுரத்துக் குடும்பங்கள் உண்டு. அங்கே மச்சான் கடலில் பிடிபட்டால் இங்கே காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது. அடுத்த தேர்தலின்போது ஊருக்குப் போன் பேசினால், தீவைச் சொல்லி ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இழுவலைக்கு என்ன வழி என்று கேட்கச் சொல்லுங்கள்.