வீடற்றவருக்கும் ஹக் உண்டு

(காரைக்குடியில் நமது அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஜும்ஆ முடிந்ததும் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அது நிற்காமல் நடக்க வேண்டும். ஆனால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டவர் அன்று இரவு எங்கே படுப்பார்? அங்கிருந்து எழுப்பி விரட்டினால் எங்கே போவார்? காய்ச்சல் கண்டால் யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள்? இன்று இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் செல்வத்தில் கேட்டு வருபவருக்கும் இல்லாதவருக்கும் ஒரு 'ஹக்' இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது. ஹக் என்றால் உரிமை. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஆகவே கொடுப்பவர் பெருமைப்படவோ, வாங்குபவர் கூனிக் குறுகவோ இதில் எதுவும் இல்லை. நாட்டின் சட்டமும் இதே உரிமையைத்தான் பேசுகிறது. அது நமக்கே தெரியாததால், அவர்களுக்கும் கிடைக்காமல் போகிறது.

நம் செட்டிநாட்டுக்கு வருபவர்கள் வீடுகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்தப் பெரிய வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வழியில் போகிறவர் உட்கார்ந்து இளைப்பாறத் திண்ணை வைத்துக் கட்டிய ஊர் இது. காசியிலும் ராமேஸ்வரத்திலும் சத்திரம் கட்டிய நகரத்தார் வாழும் சீமை இது. இங்கே ஒரு மனிதர் தெருவில் படுக்கிறார் என்றால் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் வீடற்றவர்களாகப் பதிவானார்கள். சாலையோரம், பாலத்தடி, ரயில் நிலைய நடைமேடை, வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளி ஆகிய இடங்களில் வசிப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். நம் பள்ளிவாசல் வாசலில் படுப்பவரும் அதில் ஒருவர்தான்.

இவர்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் கடமை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவுத் தங்குமிடமாவது வேண்டும், அது ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று பெருநகரங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இடம், ஒருவருக்கு 50 சதுர அடி என்று அளவு வகுத்தது. 2011 கணக்கிலேயே காரைக்குடியின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. நம் ஊர்த் தங்குமிடம் எது, அதில் எத்தனை பேர் தங்கலாம், பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடம் எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான்.

அடுத்து, பிச்சை எடுப்பது குற்றமா என்ற கேள்வி. தமிழ்நாட்டில் வெள்ளைக்காரன் காலத்து 1945ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஆனால் டெல்லியில் நடைமுறையில் இருந்த அதே போன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாது என்று அறிவித்தது. பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்ற உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்கவில்லை. கல்வியும் வேலையும் இல்லாததால்தான் மக்கள் இந்த நிலைக்கு வருகிறார்கள் என்று நீதிபதிகள் சொன்னார்கள். விழாவுக்கும் விஐபி வருகைக்கும் ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று இவர்களை வண்டியில் ஏற்றி வேறோர் ஊரில் இறக்கிவிட்டால் அது எந்தச் சட்டத்திலும் சேராது.

அன்பானவர்களே! மனநலம் பாதித்துத் தெருவில் திரிபவர்களைப் பற்றிப் பேசினால், நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நோய் தீரும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்தது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது.

இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். குடும்பத்தைத் தேடவும் வேண்டும். வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது.

வாக்குரிமையும் அப்படித்தான். முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் படிவம் 6 கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று பார்த்து உறுதி செய்தால் பெயர் சேரும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில ஊர்களில் தெருவில் கிடப்பவரைப் பிடித்து, அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல முடி வெட்டி, குளிப்பாட்டி, அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கலாம். ஆனால் நம் வீட்டு வாப்பாவை அப்படிப் படம் பிடிக்க விடுவோமா? முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பெயரைக் கேளுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். சம்மதித்தால் செய்யுங்கள்.

நம்மால் ஆகக்கூடியது என்ன? மஹல்லாவுக்கு இருவர் வீதம் இரவில் சுற்றி, தெருவில் படுப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதியவர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181, உடல் முடியாதவர் என்றால் 108 அழையுங்கள். மருத்துவமனையில் சேர்த்ததோடு திரும்பிவிடாமல், மறுநாளும் போய்ப் பாருங்கள். உரிமை மறுக்கப்பட்டால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வக்கீல் இலவசம்.

கேட்பாரற்ற சடலம் என்று தகவல் வந்தால், சாதி மதம் பார்க்காமல் ஓடிப்போய் அடக்கம் செய்ய நம்மிடம் ஆள் இருக்கிறது. அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் போய், "இவருக்காகக் கேட்க நாங்கள் இருக்கிறோம்" என்று காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் சொல்ல வேண்டும். இந்த மாதம் அதை ஆரம்பிப்போம், இன்ஷா அல்லாஹ். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.