நகர வீட்டுச் சந்தைகளை ஒப்பிடுதல்

(பயிற்சி அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)

ஓய்வு பெறும் தறுவாயிலுள்ள ஊழியர் ஒருவர், தமது வருங்கால வைப்பு நிதித் தொகையை எந்த நகரத்தில் வீடாக மாற்றலாம் என்று வினவுவது இந்நாளில் இயல்பாகிவிட்டது. எந்த நகரில் விலை எத்தனை சதவிகிதம் ஏறியது என்னும் பட்டியலே பெரும்பாலும் அவருக்கு விடையாகத் தரப்படுகிறது. வாழ்நாள் சேமிப்பை ஈடுபடுத்த இஃது ஒன்றே போதுமான ஆதாரமாகுமா?

1988-இல் நிறுவப்பெற்ற தேசிய வீட்டுவசதி வங்கி, 2007-இல் ‘ரெசிடெக்ஸ்’ என்னும் வீட்டு விலைக் குறியீட்டெண்ணை வெளியிடத் தொடங்கியது. 2001-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, போபால் ஆகிய 5 நகரங்கள் முதற்கண் எடுத்துக்கொள்ளப்பட்டன. இத்தகைய எண்களைப் படிப்போர் எளிதில் இடறும் இடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு நகரின் எண்ணும் அந்நகரின் அடிப்படை ஆண்டு விலையை 100 எனக் கொண்டு கணிக்கப்படுவது. ஒரு நகருக்கு 180, மற்றொன்றுக்கு 150 என்றிருப்பின், முன்னது விலை மிகுந்த நகரம் என்று பொருளன்று. அங்கு ஏற்றம் மிகுதி என்பதே பொருள். அடிப்படை ஆண்டில் அங்கு விலை தாழ்ந்து கிடந்தமையும் அதற்குக் காரணமாயிருக்கலாம்.

விலைக்குப் பின்னால் நிற்கும் சட்டங்களோ இந்த எண்ணில் தென்படுவதில்லை. மும்பையைக் கடல் நெருக்குவது கண்கூடு. ஆயின் 1940-ஆம் ஆண்டு நிலையில் வாடகையைக் கட்டிவைத்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம், 1976-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், தீவு நகரில் மனைப்பரப்பின் 1.33 மடங்குக்கே பொதுவாக இடமளித்த தளப்பரப்பு விதி ஆகியவையும் பஞ்சத்தைப் பெருக்கின. உச்சவரம்புச் சட்டத்தை மத்திய அரசு 1999-இல் நீக்கிய பின்னரும், மகாராஷ்டிரம் 2007-இல்தான் அந்நீக்கத்தை ஏற்றது. சட்டம் உண்டாக்கிய விலையின் ஒரு பகுதியைச் சட்டமே குறைக்கவும் கூடும்.

தில்லியின் கதை வேறு. 1957-இல் அமைந்த வளர்ச்சி ஆணையம் நிலத்தைப் பெருமளவில் தன்வசப்படுத்தியதால், தனியார் கட்டுமானம் எல்லை தாண்டிக் குருகிராமுக்கும் நொய்டாவுக்கும் பெயர்ந்தது. அங்கே பணம் செலுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் சாவிக்குக் காத்திருந்தோர் பலர். வீடு வாங்குவோரை நிதிசார் கடனீந்தோராக ஏற்கும் திருத்தம் 2018-இல்தான் நொடிப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. பெங்களூருவுக்குக் கடல் தடையில்லை. நகரம் பரந்துகொண்டே செல்கிறது. எனினும் 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த குடியிருப்புகளை விலைக் குறியீட்டெண் காட்டாது.

பலரும் புறக்கணிப்பது வாடகையைத்தான். எடுத்துக்காட்டாக, 1 கோடி ரூபாய் வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை எனக் கொள்வோம். ஆண்டு வரவு 3 லட்சம், அதாவது 3 சதவிகிதம். சொத்துவரி, பராமரிப்பு, ஆளில்லாத மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 2 சதவிகிதமே எஞ்சக்கூடும். 8 அல்லது 9 சதவிகித வட்டிக்குக் கடன் பெற்று வாங்குபவர், எஞ்சிய இடைவெளியை விலையேற்றமே நிரப்பும் என்று நம்பியாக வேண்டும். மருத்துவச் செலவு வந்தால் வைப்புத் தொகையில் ஒரு பகுதியை எடுக்கலாம். ஓர் அறையை மட்டும் விற்க இயலாது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாயிருந்தன. 2012-இல் தொழில்நுட்பக் குழுவொன்று மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையோ சுமார் 1.88 கோடி. அதில் 95 சதவிகிதத்துக்கு மேல் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாயினரையும் சார்ந்தது. பூட்டிக் கிடந்த வீடுகள் பெரும்பாலும் இவர்கள் கைக்கு எட்டாதவை. அத்தகைய வீடு ஒன்றையே அந்த ஊழியரும் வாங்கப் போகிறாரா என்பதை, அத்தெருவில் ‘வாடகைக்கு’ என்னும் பலகைகள் எத்தனை மாதம் தொங்குகின்றன என்று விசாரித்தால் ஓரளவு அறியலாம்.