உறக்க மருத்துவத்தில் நோயாளர் கல்வியாளர்: நம் பிள்ளைகளுக்கு ஏற்றதொரு பணி

ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

 

ஆண்டுதோறும் இம்மேடையில் பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்துப் பேசுவது வழக்கம். மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு வாசல்களையே நாம் திரும்பத் திரும்பத் தட்டுகிறோம். அவை திறக்கவில்லையெனில் வளைகுடா விசாவைத் தேடுகிறோம். இவ்வாண்டு, நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு பணியை எடுத்துரைக்க விரும்புகிறோம். அது உறக்க மருத்துவத் துறையில் நோயாளர் கல்வியாளராகப் பணியாற்றுவது.

உறங்குவதற்கும் மருத்துவமா என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. உறக்கம் இறைவன் அளித்த அருட்கொடை. அந்தக் கொடை சிலருக்கு இரவுதோறும் தடைபடுகிறது. தடைபடுவதை அவர்களே அறிவதில்லை.

குறட்டை நகைப்புக்குரியதன்று

நம் வீடுகளில் குறட்டை ஒரு வேடிக்கைப் பொருள். நன்றாக உறங்குகிறார் என்பதற்கு அதுவே சான்று என எண்ணுவோரும் உண்டு. உண்மை வேறு. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் மென்மையான அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெரும் ஒலியோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. இதனையே உறக்க மூச்சுத்தடை என்கிறார்கள். மருத்துவர்கள் வழங்கும் பெயர் ஸ்லீப் ஆப்னியா. மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு ஐந்து முறைக்குக் கீழே இருப்பின் இயல்பு. முப்பதும் அதற்கு மேலும் எனில் கடுமையான நோய்.

இதன் விளைவாக இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் போகிறது. இதயத்துடிப்பு ஒழுங்கு தவறவும் பக்கவாதம் வரவும் வாய்ப்புக் கூடுகிறது. பகலில் கண்கள் தாமே மூடுகின்றன. குத்பாவின்போது தூண் ஓரத்தில் அமர்ந்து தலை சாய்ப்பவரைச் சோம்பேறி என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவர் வாகனத்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாலும் அதே கண்கள்தாம். அப்போது ஆபத்து அவரோடு நிற்பதில்லை.

2023ஆம் ஆண்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்துள்ளது. நம் சபையிலும் நூறு பேருக்குப் பத்துப் பேராவது இருக்கக்கூடும். இந்நோயின் முதல் சாட்சி பெரும்பாலும் மனைவியே. மூச்சு நிற்பதைக் கண்டு அஞ்சி விழித்திருப்பவர் அவரே. ஆனால் வளைகுடாவில் தனித்திருக்கும் நம் சகோதரர்களுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. அறைத்தோழர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

கருவி வந்த வரலாறு

1980க்கு முன்பு கடுமையான மூச்சுத்தடைக்கு உறுதியான சிகிச்சை ஒன்றே: கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. அவ்வாண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியே இடைவிடாமல் மெல்லிய காற்றழுத்தத்தைச் செலுத்தினால் தொண்டை அடைபடாமல் திறந்தே நிற்கும் என்பதைக் கண்டார். ஐந்து நோயாளிகளுக்கு அது பலனளித்ததை 1981இல் லான்செட் இதழில் வெளியிட்டார். இன்று சி-பாப் என வழங்கும் கருவி அதுவே. முதல் இரவிலேயே குறட்டை அடங்குவோர் பலர்.

ஆயினும் ஒரு குறை உண்டு. மாத்திரையை விழுங்கினால் வேலை முடிந்தது. இக்கருவியையோ ஒவ்வோர் இரவும் முகத்தில் அணிந்துகொண்டு உறங்க வேண்டும். முகமூடி அழுத்தும், காற்று கசியும், தொண்டை வறளும், மூச்சு முட்டுவது போன்ற அச்சம் வரும். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, சிலர் கடன்பட்டும், வாங்கிய கருவி ஒரு வாரத்தில் அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. நோயாளி குணமடையவில்லை, குடும்பத்தின் பணமும் போயிற்று. இந்த இடத்தில்தான் நாம் சொல்ல வந்த பணியாளர் தேவைப்படுகிறார். கருவியைத் தருவது பாதிச் சிகிச்சை. அதனை அணியக் கற்றுக்கொடுப்பது மீதிப் பாதி.

காசநோய் தந்த படிப்பினை

மருந்து இருந்தும் நோய் தீராத நிலை தமிழகத்திற்குப் புதிதன்று. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கும், வீட்டிலேயே இருக்கச் செய்து மருந்து கொடுப்பதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் அம்மையம் உலகுக்கு அறிவித்தது. ஆனால் வீட்டில் இருப்பவர் மாதக்கணக்கில் மருந்தைத் தவறாமல் உண்ண வேண்டும். அதற்காக வீடு தேடிச் சென்று விளக்கிய சுகாதாரப் பணியாளர்கள் அச்சிகிச்சையின் இன்றியமையாத அங்கமானார்கள். நம் மாவட்டத்திலும் முன்பு காசநோய் மருத்துவமனை இருந்த ஆசாரிப்பள்ளத்தில்தான் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்தோடு வீட்டு வாசலுக்கு வரும் பெண் தன்னார்வலர்களை நீங்கள் அறிவீர்கள். உறக்க நோய்க்கும் அத்தகைய துணை வேண்டும்.

கல்வியாளரின் பணிகள்

முதலாவது, சோதனையைப் பற்றிய அச்சத்தைப் போக்குவது. உறக்கச் சோதனையில் தலை, மார்பு, கால், விரல் ஆகியவற்றில் உணர்கருவிகளைப் பொருத்தி இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். இவை உடலுக்குள் மின்சாரம் செலுத்துபவை அல்ல, உடல் தருவதைக் குறித்துக்கொள்பவை மட்டுமே என்பதை எளிய சொற்களில் விளக்க வேண்டும். சிலருக்கு வீட்டிலேயே சிறிய கருவியால் சோதிக்கவும் முடியும்.

இரண்டாவது, முகத்திற்கேற்ற முகமூடியைத் தேர்ந்து பொருத்துவது. தாடி வைத்திருப்போருக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகையில் காற்று கசிவது வழக்கம். தாடியை மழித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அதைக் கேட்டவர் மறுமுறை வரமாட்டார். மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகை இருப்பதை அறிந்தவர் அதனை அணிவித்துக் காட்டுவார். நம் மக்களை அறிந்தவர் இப்பணிக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவது, பழக்குவது. முதலில் பகலில், விழித்திருக்கும்போதே, சிறிது நேரம் அணிந்து அமர்ந்திருக்கச் சொல்வார். அச்சம் தணிந்த பின்னர் இரவுக்கு மாற்றுவார். தொண்டை வறண்டால் ஈரப்பதமூட்டியைப் பயன்படுத்தவும், அதில் காய்ச்சி வடிகட்டிய வாலை நீரையே ஊற்றவும், முகமூடியை மென்மையான சோப்பு நீரில் கழுவவும் கற்றுக்கொடுப்பார். மின்தடைக்கு இன்வெர்ட்டர் ஏற்பாட்டைக் கேட்டறிவார். பகல் நேரக் கைலூலா உறக்கத்திற்கும், ரமலானில் ஸஹருக்கு முன்னும் பின்னும் இரண்டாகப் பிரியும் உறக்கத்திற்கும் அணிய வேண்டும் என நினைவூட்டுவார். உம்ரா, ஹஜ் செல்வோர் மருத்துவரின் கடிதத்தோடு கருவியைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லவும், தங்குமிடத்தில் மின்வசதியை முன்கூட்டியே கேட்டறியவும் அறிவுறுத்துவார்.

நான்காவது, வாழ்க்கை முறைக்கேற்ற அறிவுரை. இரவு பத்துக்கு உறங்கி ஆறுக்கு எழுக என்று ஏட்டில் எழுதியிருக்கலாம். குலசேகரம் பகுதியில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்பவருக்கு அது பொருந்தாது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இரவில் கடலுக்குச் செல்பவருக்கும் பொருந்தாது. அவர்தம் வேலைக்குள்ளேயே ஒழுங்கான உறக்க நேரத்தை வகுத்துக் கொடுப்பவரே நல்ல கல்வியாளர்.

பெண்களைப் பற்றியும் கூற வேண்டும். குறட்டை விடுவதாக ஒப்புக்கொள்ளப் பெண்கள் நாணுகிறார்கள். அவர்களிடம் இந்நோய் காலைத் தலைவலியாக, களைப்பாக, உறக்கமின்மையாக வெளிப்படுவதும் உண்டு. மாதவிடாய் நின்ற பின் வாய்ப்பு மேலும் கூடுகிறது. ஒரு பெண்ணிடம் இவற்றை மனம் திறந்து பேசப் பெண் கல்வியாளரே வேண்டும். நம் பெண்மக்களுக்கு இதைவிடக் கண்ணியமான பணியும் அரிது.

எல்லையும் உண்டு. கல்வியாளர் நோயை முடிவு செய்பவர் அல்லர். மருத்துவர் குறித்த காற்றழுத்த அளவைத் தாமாக மாற்றலாகாது. தூக்க மாத்திரையைப் பரிந்துரைக்கலாகாது. கருவி விற்பவர் கற்றுக்கொடுப்பதும் உண்டு. ஆனால் விற்பனையில் பங்கில்லாதவரின் சொல்லையே நோயாளி ஐயமின்றி நம்புவார்.

கற்கும் வழி

மருத்துவச் சார்புப் படிப்புகளில் சுவாசச் சிகிச்சைக்கான பி.எஸ்ஸி. பட்டப்படிப்பு இப்பணிக்கு நெருக்கமானது; தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது கற்பிக்கப்படுகிறது. செவிலியர் படித்தவர்களும் இத்துறைக்கு வரலாம். 2021ஆம் ஆண்டின் தேசியச் சார்பு மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம், உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர் என்னும் பெயரையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. உறக்க மருத்துவத்திற்கெனச் சென்னையில் நித்ரா நிறுவனம் இயங்குகிறது. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் உறக்கக் கோளாறுகளுக்கான தனி மையம் உள்ளது. அமெரிக்காவில் உறக்கக் கல்வியாளருக்கென்றே தனிச் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறார்கள். நம் நாட்டில் இப்பணி இன்னும் வளரும் பருவத்தில் இருப்பதால், ஊதியம் முதலில் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம்.

ஜமாஅத்தின் கடமை

நிர்வாகப் பெருமக்களின் கவனத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, கல்வி உதவித்தொகை வழங்கும்போது இத்தகைய படிப்பை விரும்பும் ஓர் ஆண்பிள்ளைக்கும் ஒரு பெண்பிள்ளைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். மற்றொன்று, பைத்துல்மாலிலிருந்து எவருக்கேனும் சி-பாப் கருவி வாங்க உதவினால், பணத்தைக் கொடுத்ததோடு கணக்கை முடித்துவிடலாகாது. அதனை அணியக் கற்றுக்கொடுக்கும் ஒருவரோடு அவரை இணைத்து, மூன்று மாதம் விசாரித்து வர வேண்டும். அலமாரியில் கிடக்கும் கருவி, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் பயன் தராது.

தாய்மார்களே! உங்கள் வீட்டில் உறக்கத்தில் மூச்சு நின்று திரும்புபவர் இருப்பின் நகைக்காதீர்கள். நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கண்டதை நீங்களே மருத்துவரிடம் கூறுங்கள்; அவர் கூறமாட்டார், அவர் கண்டதில்லை.

இளைஞர்களே! நோயாளியின் அருகில் அமர்ந்து, ஒன்றையே பத்து முறை பொறுமையோடு சொல்லிக்கொடுப்பது சிறிய வேலையன்று. மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு வேண்டிய அதே பொறுமை இதற்கும் வேண்டும். அது உங்களிடம் இருக்குமாயின் இப்பணி உங்களுக்குரியது.

நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும், ஃபஜ்ருக்குத் தெளிவான விழிப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.