ரூபுவின் தாய்



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதையின் ஐந்தாம் தலத்தில் சீரேன் ஊரானாகிய சீமோனை நினைவுகூர்கிறோம். அவர் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த மனிதர். படைவீரர்கள் பிடித்து நிறுத்திச் சிலுவையை அவர் தோளில் ஏற்றினார்கள். சம்மதம் கேட்கவில்லை. மத்தேயுவும் லூக்காவும் இதைச் சொல்கிறார்கள். மாற்கு மட்டும், இவர் அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்று சேர்க்கிறார்.

ஏன் சேர்த்தார்? அந்தப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சியில் எந்த வேலையும் இல்லை. நம் ஊரிலும், கேட்பவருக்குத் தெரிந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, “அவங்க அப்பாதான்” என்போம் அல்லவா? மாற்கின் நற்செய்தியை முதலில் கேட்ட சபைக்கு அந்தச் சகோதரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். அது உரோமைச் சபை என்பது பழைய மரபு. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளுக்கு உரோமை நாணயத்தில் மதிப்புச் சொல்பவரும் மாற்குதான்.

உரோமையர் திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தை எடுங்கள். 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார் பவுல். (வாசகம் வாசிப்பவர்கள் பயப்படுகிற அதிகாரம்!) 13-ஆம் வசனத்தில் ஒரு ரூபு வருகிறார். அவருடைய தாயையும் வாழ்த்தி, அவர் எனக்கும் தாய் என்கிறார் பவுல்.

அதே ரூபுவா? ‘செந்நிறத்தான்’ என்று பொருள்படும் இந்த இலத்தீன் பெயர் பலருக்கும் இருந்தது. சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏறத்தாழ 57-ஆம் ஆண்டில் அந்தத் திருமுகத்தை எழுதும்வரை பவுல் உரோமையைப் பார்த்ததே இல்லை. அப்படியானால் அந்த அம்மா அவருக்குத் தாயாக இருந்தது வேறு ஊரில். சீரேனைச் சேர்ந்த சிலர் அந்தியோக்கியாவுக்குப் போய்க் கிரேக்கருக்கு நற்செய்தி அறிவித்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அதே நகரில்தான் பவுல் பர்னபாவோடு ஓராண்டு தங்கிப் போதித்தார். எனக்கு இது போதும். அதே குடும்பம்தான் என்றே நினைக்கிறேன்.

1941-இல் எருசலேமின் கெதரோன் பள்ளத்தாக்கில் ‘சீமோன் மகன் அலக்சாந்தர்’ என்று பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. அதை நான் ஆதாரமாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். இரண்டுமே அன்று சாதாரணப் பெயர்கள்.

என்னை நிறுத்துவது அந்த அம்மாதான். பாஸ்கா விழாவுக்கு வந்த இடத்தில், குற்றவாளியின் சிலுவையைச் சுமந்து, இரத்தக் கறையோடு கணவர் திரும்பியிருப்பார். என்ன பேசிக்கொண்டார்களோ! சில ஆண்டுகளில், அதே எருசலேமில், சவுல் வீடு வீடாக நுழைந்து நம்பிக்கையாளர்களை இழுத்துச் சென்று சிறையில் அடைத்தார். அந்தச் சவுலைத்தான் பிறகு இவர் பிள்ளையாக ஏற்றிருக்கிறார். அவருக்குச் சோறு போட்டாரா, காயத்துக்கு மருந்து வைத்தாரா, தெரியாது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை “நீங்கள் எனக்கும் அம்மா” என்று சொல்லும் அளவுக்கு ஏதோ செய்திருக்கிறார்.

நம் பங்கிலும் கேட்காமல் தோளில் விழுந்த சுமையோடு பலர் இருக்கிறீர்கள்: படுக்கையில் கிடக்கும் மாமியார், பேசாத பிள்ளை, கணவர் வைத்துவிட்டுப் போன கடன். சீமோனைப் போல நீங்களும் விரும்பி எடுத்ததல்ல அது. வருகிற வெள்ளியன்று ஐந்தாம் தலத்தில் முழந்தாளிடும்போது, பெயர் தெரியாத அந்த அம்மாவிடமும் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.