பச்சைப் புள்ளி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியிலே முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற தம்பி அவர்களே, டி.வி. முன்னாலே சோற்றுத் தட்டோடு இருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

ஆபீஸ் கம்ப்யூட்டரிலே உடனுக்குடன் செய்தி அனுப்பிக்கொள்வது உழைப்பவனுக்குத் தோழனா, காவலனா? தோழன் என்றார் தம்பி. கடிதம் மூணு நாள், மின்னஞ்சல் மூணு மணி, இது மூணு நொடி என்று கணக்குச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஒரு கையெழுத்துக்கு நாலு மாடி ஏறி இறங்கின காலம் போச்சு, நல்லதுதான். ஆனா அது செய்தியை மட்டுமா கொண்டு வந்தது?

தமிழிலே தூது இலக்கியம் உண்டு. அன்னம், கிளி, மேகம், வண்டு, தென்றல் என்று எதை எதையோ அனுப்பினார்கள். மதுரைச் சொக்கநாதருக்குத் தமிழையே தூது விட்டார் ஒரு புலவர். ஐயா, எந்தக் கிளியாவது திரும்பி வந்து, "தலைவன் சீட்டிலேதான் இருக்கான், அஞ்சு நிமிஷமா அசையலை"ன்னு சொல்லியிருக்கா? (சிரிப்பு)

இது சொல்லுதே! 1996-இல் இஸ்ரேல் இளைஞர்கள் ஐசிக்யூ என்று ஒன்று செய்தார்கள். நண்பர்களில் யார் இப்போது இணைப்பில் இருக்கிறார் என்று காட்டியது. நண்பனைத் தேடுகிறவனுக்கு அது அழகு. 1998-இல் லோட்டஸ் கம்பெனி 'சேம்டைம்' என்ற பெயரில் இதே வசதியை அலுவலக வலைக்குள்ளே கொண்டு வந்தது. அப்புறம் ஸ்லாக், 2017-இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ். நண்பன் எட்டிப் பார்த்த ஜன்னலிலே மேலதிகாரி வந்து நின்னுட்டார்.

டீம்ஸிலே பேருக்குப் பக்கத்திலே ஒரு பச்சைப் புள்ளி. அஞ்சு நிமிஷம் கம்ப்யூட்டரைத் தொடலைன்னா மஞ்சள். ரோட்டிலே பச்சை எரிஞ்சா போகலாம். ஆபீஸிலே பச்சை எரிஞ்சா எங்கேயும் போகக்கூடாது! (பலத்த கைதட்டல்)

என் பழைய மாணவன் ஒருத்தன், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலே வேலை. வீட்டிலே இருந்து வேலை செய்யறப்போ பார்த்தேன். வலது கையாலே சாப்பிடறான், இடது கையாலே மவுஸை ஆட்டறான். "என்னப்பா, பேய்க்குப் பூஜையா?"ன்னேன். "மஞ்சளாயிடும் சார்"ங்கிறான்.

சிரிக்காதீங்க. அமெரிக்காவிலே வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-இல் ஒரு டஜனுக்கும் மேலான ஊழியர்களை வெளியே அனுப்பியது. விசைப்பலகையிலே வேலை நடப்பதுபோலப் போலியாகக் காட்டினார்களாம். ஏமாத்தினது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா வேலையை அளக்காம விரலை அளந்தா, விரல் எப்படியாவது ஆடத்தான் செய்யும்.

"ஆபீஸ் வலை பத்திரம், எல்லாம் பதிவாகுது" என்றார் தம்பி. பணம் புரளுகிற இடத்திலே பதிவு வேணும், ஒப்புக்கொள்கிறேன். ஊழியர்கள் சொந்த போனிலே வாட்ஸாப்பிலே பேசிய தொழில் விஷயங்களைச் சேமித்து வைக்காததற்காக, ஜே.பி. மார்கன் நிறுவனம் 2021 டிசம்பரில் அமெரிக்காவின் இரண்டு கண்காணிப்பு அமைப்புகளுக்கு மொத்தம் 20 கோடி டாலர் கட்டியது. சரி. ஆனா அதே பதிவிலே இன்னொண்ணும் கிடக்கே! கேன்டீனிலே டீ குடிச்சுக்கிட்டே "இந்த வருஷமும் சம்பளம் ஏத்தலைடா"ன்னு சொன்னா காத்தோட போச்சு. அதையே பக்கத்து சீட்டுத் தோழிக்குத் தனிச் செய்தியா அனுப்பினா? கம்பெனி நினைச்சா எடுத்துப் படிக்கலாம். கதவுல 'தனி அறை'ன்னு எழுதியிருக்கு, சாவி முதலாளி கையிலே!

அப்புறம் நேரம். கோடைக்காலத்தில் நியூயார்க்கிலே மதியம் 12 மணின்னா சென்னையிலே ராத்திரி ஒன்பதரை. குழந்தையைத் தூங்க வைக்கிற நேரத்துல "டிங்"குன்னு ஒரு சத்தம். "இருக்கீங்களா?" அவ்வளவுதான் செய்தி. என்ன விஷயம்னும் எழுத மாட்டான் பாவி! (சிரிப்பு) பதில் போட்டா தூக்கம் போச்சு, போடலைன்னா மார்க்கு போச்சு. வேலை நேரத்துக்கு அப்புறம் வரும் செய்திக்கு நியாயமான காரணத்தோடு பதில் மறுக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா சட்ட உரிமையே கொடுத்தது. தோழன் பேசறதுக்கு எதுக்குத் தம்பி சட்டம்?

நடுவர் மணி அடிச்சிட்டார். எனக்காவது நிறுத்துன்னு சொல்ல ஒரு மணி இருக்கு, அந்தப் பையனுக்கு எந்த மணி அடிக்கும்னு அடுத்து வர்ற தம்பி வந்து சொல்லட்டும். (கைதட்டல்)