தோட்டம் அமைத்த சீமாட்டி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தம்மைப் புரந்த வள்ளல்களை நம் புலவர்கள் வாயாரப் பாடினார்கள். புரந்தவரையே எள்ளி எழுதிய எழுத்தாளர்களும் உலகில் உண்டு. அவர்களிடம் அகப்பட்ட ஓர் ஆங்கிலச் சீமாட்டியைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். அவர் பெயர் லேடி ஆட்டொலின் மாரெல்.

1873இல் பெருங்குடியிற் பிறந்தவர் அவர். போர்ட்லண்டு கோமகன் அவருக்குத் தந்தை வழித் தமையன். 1902இல் பிலிப் மாரெல் என்பவரை மணந்தார். வாழும் ஓவியர்களின் படைப்புகளை வாங்கிப் பொதுக் கலைக்கூடங்களுக்கு வழங்கும் சங்கம் ஒன்று 1910இல் லண்டனில் தோன்றியது. அதனை நிறுவியோருள் இவரும் ஒருவர்.

1915இல் தம்பதிகள் ஆக்ஸ்போர்டுக்கு அருகில் கார்சிங்டன் என்னும் சிற்றூரில் ஒரு பழைய கல்வீட்டிற் குடியேறினார்கள். அங்கேதான் அம்மையார் தம் தோட்டத்தை அமைத்தார். இத்தாலியத் தோட்டங்களில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. பழைய மீன்குளத்தை நீள்சதுரத் தடாகமாக்கி, சுற்றிலும் யூ மரங்களை வேலியாக நிறுத்தி, இடையிடையே கற்சிலைகளை வைத்தார். வீட்டின் பக்கத்தில் இருபத்துநான்கு சதுரப் பாத்திகள். அவற்றில் வண்ண வண்ண மலர்கள். மயில்களும் உலவின! விருந்தினர் குளத்தில் நீந்துவார்கள். புல்தரையில் அமர்ந்து விடியும்வரை வாதிடுவார்கள்.

அது முதல் உலகப்போர்க் காலம். 1914 ஆகஸ்டு 3ஆம் நாள் பாராளுமன்றத்தில் போரை எதிர்த்துத் துணிந்து பேசியவர் பிலிப் மாரெல். 1916இல் கட்டாய இராணுவச் சேவை வந்தபோது, மனச்சாட்சியின் பேரால் ஆயுதம் ஏந்த மறுத்த நண்பர்களுக்குத் தம் பண்ணையில் வேலை கொடுத்துப் புகலளித்தார்கள் இத்தம்பதிகள். கலை விமரிசகர் கிளைவ் பெல் அவர்களுள் ஒருவர். பண்ணை வேலை பெரிதாக நடந்ததென்று சொல்வதற்கில்லை; பேச்சுத்தான் நடந்தது. ஆல்டஸ் ஹக்ஸ்லி தம் மனைவியாகப் போகும் மரியாவைக் கண்டதும் அவ்வீட்டிலேதான்.

கைம்மாறு என்ன? டி. எச். லாரன்ஸ் 1920இல் வெளியான தம் நாவலில் ஹெர்மியோனி என்னும் பாத்திரமாக அவரைக் கோரமாகத் தீட்டினார். கையெழுத்துப் பிரதியைப் படித்த அம்மையார் மனம் நொந்து போனார். மறு ஆண்டே ஹக்ஸ்லியின் நாவலும் வந்தது, அதிலும் கேலிதான். அந்நாவல்கள் சிறந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. எழுத்தாளனுக்கு அவ்வுரிமை உண்டென்று வாதிடுவாரும் உளர். உண்ட வீட்டை நினைக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை, அன்பர்களே.

அம்மையார் செய்த மறுமொழி ஒன்றைச் சொல்கிறேன். அகஸ்டஸ் ஜான் வரைந்த அவருடைய உருவப்படத்தை 1920இல் காட்சிக்கு வைத்தபோது பத்திரிகைகள் நகைத்தன. அவரோ அதை விலைக்கு வாங்கித் தம் வீட்டிலேயே மாட்டினார்!

பணம் கரைந்தது. 1928இல் கார்சிங்டனை விற்றுவிட்டு லண்டனில் சிறிய வீட்டுக்குப் போனார்கள். அங்கும் வியாழக்கிழமை தோறும் எழுத்தாளர்களுக்குத் தேநீர் உண்டு. அவ்வாண்டிலேயே லாரன்ஸ் மீண்டும் கடிதம் எழுதினார். அம்மையாரும் நட்பைப் புதுப்பித்துக்கொண்டார். 1938இல் அவர் காலமானார். பிற்காலத்தில், 1989 முதல் 2010 வரை, கோடைதோறும் அத்தோட்டத்தில் இசை நாடகங்கள் நடைபெற்றன.