கதவெண் மட்டும் தெரிந்த மரபணு



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர் அறிந்த செய்தி இது. ஒரே மாடிக் கட்டடத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும், அண்டை வீட்டாருக்கு நம் பெயரோ தொழிலோ தெரிவதில்லை. ‘42-ஆம் எண் வீட்டுக்காரர்’ என்பதே நம் பெயராகிவிடுகிறது. நம் உடலுக்குள்ளும் இவ்வாறு கதவெண்ணால் மட்டும் அறியப்பட்ட மரபணுக்கள் பல உள்ளன.

ஒரு புரதத்தை ஆக்கும் முறையை உயிரணு எழுதிவைத்திருக்கும் ஏடே மரபணு. 1990-இல் தொடங்கிய மனித மரபுத்தொகுதித் திட்டம் 2003-இல் நிறைவெய்தியது. புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 என்பது இன்றைய கணக்கு. எழுத்துகளை வாசித்துவிட்டோம், ஆயினும் பல ஏடுகளின் பொருள் இன்னும் விளங்கவில்லை.

பணி தெரிந்த மரபணுவுக்கு அதற்கேற்ற பெயர் இடுவர். தெரியாததற்கு, அது இருக்கும் குரோமசோமின் எண்ணையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துக் குறிப்பர். ‘சி9ஓஆர்எஃப்72’ என்பது அத்தகைய ஒன்று. ஒன்பதாம் குரோமசோமில் 72 என்னும் எண் பெற்றது என்பதே அதன் பொருள்.

2011-ஆம் ஆண்டில் இந்த மரபணு திடீரென உலகின் கவனத்தை ஈர்த்தது. கைகால்கள் செயலிழந்து, நாளடைவில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துபோகும் கொடிய நரம்பு நோய் ஒன்று உண்டு. சில குடும்பங்களில் அது தலைமுறை தலைமுறையாக வருகிறது. அத்தகைய குடும்பங்கள் பலவற்றில், இம்மரபணுவிலுள்ள ஆறெழுத்துத் தொடர் ஒன்று நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் திரும்பத் திரும்ப வருவதை இரு ஆய்வுக் குழுவினர் கண்டனர். நலமுடையோரிடம் அது பெரும்பாலும் முப்பது முறைக்கு மேல் வருவதில்லை.

காரணம் கிடைத்தது, மருந்து கிடைத்ததா? இல்லை. இம்மரபணுவின் புரதம் குறைவதால் தீங்கு விளைகிறதா, மிகுந்துபோன எழுத்துகளே நஞ்சாகின்றனவா, இரண்டும் சேர்ந்தா என்பது இன்னும் முடிவாகவில்லை. அவ்வெழுத்துகளின் படியை அடக்கும் மருந்தொன்றைக் கொண்டு நோயாளிகளிடம் நடத்திய சோதனை, பயன் காணாது 2022-இல் கைவிடப்பட்டது. மரபணுவின் இயல்பான பணியை அறியாமல் அதன் கோளாற்றைத் திருத்துவது எத்துணை அரிது என்பதை அக்குடும்பங்கள் நன்கு அறியும்.

பணி தெரியாத மரபணுக்கள் வீணானவை என்று எண்ண வேண்டா. பிரிட்டானிய அறிஞர்கள், மனிதனுக்கும் பழ ஈக்கும் பொதுவான இத்தகைய மரபணுக்களில் 260-ஐ ஈக்களில் ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, முடிவை 2023-இல் வெளியிட்டனர். அவற்றுள் 62 இன்றி ஈக்கள் உயிர்வாழவில்லை!

புகழ்பெற்ற மரபணுக்களையே மீண்டும் மீண்டும் ஆராய்வது எளிது. பொருளுதவியும் அதற்கே விரைந்து கிடைக்கும். ஆயினும் நாளைய நோயாளி ஒருவரின் உயிர், இன்று எவரும் தட்டாத ஒரு கதவின் பின்னே இருக்கலாம். அக்கதவைத் தட்டும் பொறுமையும் அறிவியலுக்கு வேண்டும்.